இருபத்து நான்காவது கிளாஸ்

என் செல்ல வாயில்லாப் பூச்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, கடை மிக்ஸி மூவரும் நலம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? நீ நலம், இருமல் போய்விட்டது என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லும்போதே அழுதுவிடுவேன், நீ பயந்துபோய் டிக்கெட் எடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். அப்பா ஜெயித்துவிட்டார். நீ படிப்பை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. எடுத்து வைத்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளு.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து இந்தக் கடை எப்படி இருந்தது என்று உன்னிடம் பாதிதான் சொன்னேன். பத்தொன்பது வருடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதாமல் பஸ் டிப்போ முழுக்க ஜூஸ் கொடுத்த மனிதர், டிரைவர் கேட்டதைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வந்ததைக் குடித்துவிட்டுப் போனார்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "திட்டினாக்கூடப் பரவால்ல, பாவம் பார்க்குறாங்க" என்று பின்னால் ஸ்டூல் போட்டு ஆரஞ்சு உரிக்க உட்கார்ந்துவிட்டார். நம் இரண்டு வீட்டிலும் முதல் பட்டம் வாங்கியவள் நீ, அதற்கு மேலும் படிக்கப் போனவள், கடையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று எழுதியதும்தான் அவருக்கு ரோஷம் வந்தது. "ஒரே ஒரு காலைக் கூட்டம், சீட்டில்லாம சமாளிச்சுக் காட்டுறேன். முடியலைன்னா அவ வரட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அடர்ந்த நிறமுள்ள பழங்கள் உடம்பின் உள்வீக்கத்தைக் குறைக்கலாம், மூளைக்கும் நல்லதாக இருக்கலாம் என்று உங்கள் ஆராய்ச்சியில் சோதித்துப் பார்ப்பதாக நீ எழுதினாய் அல்லவா, அவர் பாதியைத்தான் காதில் வாங்கினார். "இவ்வளவு மருந்தையும் கடையில வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் ஊத்திக் கொடுத்திருக்கேனே" என்று கறுப்புத் திராட்சையை அடித்து வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஒரு நாளைக்கு நாலு பெரிய கிளாஸ். போதாததற்கு 'மூளைக்கு ஜூஸ்' என்று ஒரு போர்டு. அவர் ஆணி அடிக்க, நான்தான் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை எகிறிவிட்டது. "கடையையே குடிச்சு முடிச்சிட்டுத்தான் என்கிட்ட வருவீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். அன்றைக்கு நீ போனில் போட்ட சத்தம் இருக்கிறதே! "அப்பா, அது கொஞ்சம் பேர்கிட்ட, கொஞ்ச நாள் மட்டும் பார்த்தது. இன்னும் உறுதியா யாருக்கும் தெரியாது. வடிகட்டுனா நார் போயிடும், சக்கரைத் தண்ணிதான் மிஞ்சும். அது மாத்திரைக்குப் பதிலும் இல்ல." அவர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "நம்ம பொண்ணுக்கா இந்தக் குரல்?" என்று என்னைக் கேட்டார். பயந்த மாதிரி முகம், ஆனால் பெருமை தாங்கவில்லை.

போர்டு அன்றே இறங்கிவிட்டது. காலைச் சாப்பாட்டோடு ஒரே ஒரு சின்னக் கிளாஸ், வடிகட்டாமல், சர்க்கரை இல்லாமல். மாத்திரை நேரத்துக்கு. டிப்போவைச் சுற்றி இரண்டு நடை. சாயங்காலம் அவர் பழம் உரிக்க, நான் பொய் ஆர்டராகச் சொல்லிக்கொண்டே போவேன், அவர் திருப்பிச் சொல்வார். முதல் வாரம் ஐந்தில் தடுக்கினார், பிறகு ஒன்பது, பிறகு பதினாலு.

நேற்றுக் காலை இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஒன்றாக வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, இருந்தாலும் மிக்ஸிக்குப் பின்னால் ஒரு அட்டையை மறைத்து வைத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இருபத்து மூன்று பேர். ஹாரன் என்று நாம் கூப்பிடும் அந்த டிரைவர் வேண்டுமென்றே மாதுளை என்றார், வேண்டாம் ஆரஞ்சு என்றார், இல்லை மாதுளையே என்றார். "வீட்லயும் நீ இப்படித்தானா? தங்கச்சி பாவம்யா" என்று அப்பா சொல்ல, டிப்போவே சிரித்தது. ஐஸ் இல்லாதது, பாதிச் சர்க்கரை, உப்புப் போட்டது, ஒவ்வொன்றும் சரியான கைக்குப் போனது. அட்டையில் கடைசி வரியை அடித்துவிட்டு நான் மூச்சு விடுகிறேன், "இன்னும் ஒண்ணு போடு. கறுப்புத் திராட்சை, வடிகட்டாம, சக்கரை இல்லாம, ஒரே ஒரு ஐஸ்" என்கிறார். என் அட்டையில் அப்படி ஒன்று இல்லை. அவர் காதருகே போய், "ஏங்க, இருபத்து மூணுதாங்க" என்றேன். "தெரியும்டி. இது அவளுக்கு. பரீட்சைக்குப் போற அன்னைக்கெல்லாம் அந்தத் தூண் ஓரமா நிப்பா. கூட்டம் கலையுற வரைக்கும் வாயைத் திறந்து கேட்டிருக்காளா? நானாத்தானே போட்டுக் கொடுப்பேன்" என்றார். நான் இதை மறந்தே போய்விட்டேனடி. மூளை அடைபட்ட மனிதர் மறக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஹாரன் ஓடிப்போய்த் தன் பஸ்ஸில் ஏறி உண்மையிலேயே ஹாரன் அடித்தார், மேலாளர் வந்து திட்டும் வரை நிறுத்தவில்லை. ஜூஸ்தான் காரணம் என்கிறார் அப்பா, மாத்திரை என்கிறேன் நான். டாக்டரம்மா, எல்லாம் சேர்ந்துதான், எது எவ்வளவு என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறார். நீயும் அப்பாவை வைத்து உன் ஆராய்ச்சியில் ஒன்றும் எழுதிவிடாதே, அவர் ஒரே ஒரு ஆள்.

அடுத்த மாதம் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பெரிய கூட்டத்தின் முன் பேச வேண்டும், பயமாக இருக்கிறது என்றாயே, அப்பாவைத் திட்டிய அதே குரலில் பேசு, போதும். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் கடைசி வரிசைக்குக் கேட்கச் சொல். உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, எடுத்த படிப்பை முடித்து, நீ நிமிர்ந்து நடக்க எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இருமலுக்கு டாக்டரைப் பார், மறக்காதே. முடித்துவிட்டு வரும்போது தூண் ஓரமாக நிற்கக் கூடாதாம், வரிசையில் முதல் ஆளாக நின்று சத்தமாகக் கேட்டால்தான் உன் கிளாஸ் கிடைக்குமாம், அப்பா கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். நேற்றையதை நான் குடித்துவிட்டேன். ஒரே புளிப்பு, எப்படித்தான் குடித்தாயோ.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லி, ஒரு இடத்தில் திருத்தினார்: ஐஸ் ஒன்று இல்லையாம், ஒன்றில் பாதியாம்.)