பரோசாவுக்கு ஒரு நாள்

அன்புள்ள அக்கா,

நீ பரோசாவில், தனுண்டா ஊரில்தான் இருக்கிறாய் என்பதை இன்றும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்காரரை மணந்து நீ போனதிலிருந்து அவர் உன் பெயரை எடுத்ததில்லை.

தம்பியின் பட்டமளிப்பு விழாவுக்கு அடிலெய்டு வருகிறோம். ஊர் சுற்ற ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். இங்கே நம்மூர் சூலியா தெருவில் பயண ஏஜெண்ட் மஸ்தான் அண்ணன் மேசை நிறையப் படங்களைப் பரப்பினார். கடற்கரை, மிருகக்காட்சிசாலை, பரோசாவின் வைன் தோட்டங்கள். அப்பா வைன் தோட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஐயா, நீங்க பீர்கூட தொட மாட்டீங்க. அங்க போய் என்ன செய்வீங்க? கங்காரு பாருங்க லா!"

"திராட்சை எப்படிக் காய்க்குதுன்னு பார்க்கணும்."

வீட்டில் வாங்கினால் புளிப்பு என்று ஒதுக்குகிறவர்! உன் கடிதங்கள் நான் வேலை செய்யும் நூலகத்துக்குத்தானே வருகின்றன? பிறகு நீ அங்கே இருப்பதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்? தம்பியா?

"வெள்ளிக்கிழமை பஸ்ல இடம் இருக்கு, ஐயா."

"வெள்ளி வேணாம். அன்னைக்கு நான் மரக்கறிதான். அந்த வீட்ல என்ன சமைப்பாங்களோ."

"எந்த வீடு? சாப்பாடு ஹோட்டல்ல ஐயா!"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் படத்திலிருந்த கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து சனிக்கிழமைக்குப் பதிவு செய்தார். பஸ் மதியம் தனுண்டாவில் நிற்குமாம். எங்கள் மூவருக்கும் ஹோட்டல் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உன் தங்கை