அப்பாவின் இடுப்பில் கேட்கும் சத்தம்

மேலகரம்,
2-8-1987

அன்பு மகன் கடற்கரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உலகம்மன் புண்ணியத்தில் மூன்று வேளை சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் அப்பா நடமாடுகிற லட்சணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. மடியில் முயலை வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். அதன் கால் எலும்பில் திருகாணியை வைத்து, காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருகிற விதத்தில் எலும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டதா இல்லையா என்று கண்டுபிடிக்கிறாயாம், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நல்ல உத்தியோகம். செங்கோட்டைச் சந்தையில் பலாப்பழம் விற்கிறவள் விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே பழுத்ததா இல்லையா என்று சொல்லுவாள், அவளை யாரும் கப்பலேற்றி அனுப்பவில்லை. சுரண்டையில் உன் அக்காவின் மாமியார், "முயலுக்கு வைத்தியம் பாக்கவா அம்புட்டு தூரம் போயிருக்கான்?" என்று கேட்டாளாம்.

அது கிடக்கட்டும். சித்திரையில் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததும், மதுரையில் தொடை எலும்புக்குள் இரும்பை இறக்கி மேலே மூட்டுக்குப் பதிலாக இரும்புக் குண்டு வைத்ததும் உனக்குத் தெரியும். மூன்று மாதம் கம்பு ஊன்றித்தான் நடக்கவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்கிற ஆளா? ஆனியில் சாரல் விழுந்ததுதான் தாமதம், ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மாடன் சைக்கிளில் பின்னால் ஏறி ஐந்தருவிக்குப் போய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அரைமணி நேரம் அத்தனை தண்ணீரையும் அந்த இடுப்பிலேயே வாங்கியிருக்கிறார். மெட்ராஸ்காரன்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயந்து நிற்கிற இடம் அது. கேட்டதற்கு, "ஏட்டி, நம்ம ஊரு தண்ணி பட்டா ஒட்டாத எலும்பும் ஒட்டிக்கிடும்" என்கிறார். அப்பனுக்கு அருவி, மகனுக்கு முயல், எனக்கு வாய்த்தது இரண்டும் அப்படி.

அன்றிலிருந்து சத்தம் கேட்கிறது. காலைத் தூக்கி வைத்தால் டக்கென்று ஒன்று, நான் அடுப்படியில் இருந்தாலும் கேட்கிறது, தொடையில் கை வைத்தால் விரலுக்கும் தெரிகிறது. போன வாரம் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது, இனிக் கம்பே வேண்டாம் என்றார். சத்தம் வருகிறதே என்றேன். அது என் பயத்தின் சத்தம் என்று சிரித்தார், உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், பெரிய மனிதர்கள் இரண்டு பேர். இப்போது வயலுக்குப் போகிறார், உர மூட்டை தூக்குகிறார். படியேறும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் பல்லைக் கடிக்கிறார். உள்ளே இரும்பு ஒட்டாமல் எலும்பை அரைத்துக்கொண்டிருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? அவர் படுக்கையில் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது கடற்கரை. எக்ஸ்ரேயில் தெரியாதது சத்தத்தில் தெரியும் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

உலகம்மன் உன்னைக் காப்பாற்றுவாள், நீண்ட ஆயுளோடு இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஒன்றை மறந்துவிடாதே, ஆவணி முதல் ஞாயிறு நம் ஊர் நேரம் காலை பதினோரு மணிக்கு உரக்கடை ஆதம் பாய் போனுக்குக் கூப்பிடு. உன்னோடு பேசலாம் என்று சொல்லி அப்பாவைக் கூட்டி வருவேன். அவர் நடந்து முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே. ரிசீவரை அவர் இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒயர் நீளுகிற மட்டும் நாலு எட்டு நடக்கச் சொல்வேன். முயலுக்குக் கொடுக்கிற காதை அந்த நாலு எட்டுக்குக் கொடு. ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆவுடைத்தாய்