படலையில் கட்டிய வேப்பிலை

கார்த்திகை 6, திங்கள்

விடியலில் இருந்து மழை. இன்று இந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் சாந்தினி, மருமகன் ரவி, பேத்தி அபி. வேறு ஆளில்லை. நாளைக்கு யாராவது கதையை மாற்றினால் என்பதற்காக எழுதி வைக்கிறேன். அபியின் போன வருடத்துத் தமிழ்க் கொப்பி, பாதி வெறுமை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள். பிழை இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

காலையில் பள்ளிக்கூட வாசல். குடையும் மாஸ்க்குமாகத் தாய்மார். அபியின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொரோனாவாம். யார் என்று ரீச்சர் சொல்லவில்லை. அதற்கு ஒரு சண்டை.

"பேரைச் சொன்னால்தானே எங்கடை பிள்ளை பக்கத்திலை இருந்ததோ எண்டு தெரியும்."

"சொன்னால் நீங்கள் எல்லாரும் போய் அந்த வீட்டுப் படலையிலை நிப்பியள்."

"இன்னொரு பிள்ளைக்கு வந்தால் வகுப்பு முழுக்கப் பதினாலு நாள் வீட்டிலையாம். சுகாதாரப் பரிசோதகர் சொல்லிப்போட்டுப் போட்டார்."

"தையிலை புலமைப்பரிசில் சோதினை. இனிப் பதினாலு நாள் போனால் இதுகள் என்னத்தை எழுதுறது?"

"உயிரை விடவோ சோதினை?" இது ஒரு தாய், பாவம், மெதுவாகத்தான் சொன்னாள்.

"உங்கடை பிள்ளை எழுதினால் என்ன எழுதாட்டி என்ன. எங்கடை அப்பிடியில்லை." இது முன்வீட்டு யோகேஸ். அவள் வாய் எனக்குத் தெரியும். அபி முதலாம் வகுப்பில் கொன்னியபோது என்ன சொன்னாள் என்பதும் தெரியும். என்ன சேலை கட்டிக்கொண்டு சொன்னாள் என்பதும்.

மத்தியானம் அபி வந்தாள். கண் சிவந்து. உடம்பு கொதி. பொரித்த மீன் மணக்கவில்லை என்றாள். சாந்தினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ரவி சொன்னது: "பரிசோதகருக்கு ஒரு கோல் எடுப்பம். வேறை என்ன செய்யிறது."

சாந்தினி சொன்னது: "எடுத்தால் விடியப் படலையிலை சிவப்பு நோட்டீஸ் ஒட்டுவினம். வகுப்பும் பூட்டு. ஆராலை எண்டு கேப்பினம். அபியாலை எண்டு சொல்லுவினம். சோதினையிலை ஆர் கோட்டை விட்டாலும் என்ரை பிள்ளையைத்தான் திட்டுவினம். அவள் பிறகு வகுப்பிலை அந்த வாங்கிலை எப்பிடி இருக்கிறது?"

பிறகு அவளே: "அம்மாள் எண்டு சொல்லுவம்."



அம்மாள் வருத்தம், பொக்குளிப்பான் என்றால் அது அபிக்கு மட்டும். வகுப்பைப் பூட்ட மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிற வீட்டுப் படலையைப் பரிசோதகரும் தட்ட மாட்டார். நாலு பேர் வரமாட்டார்கள். கேள்வி இல்லை.

வேம்பில் ஏறி ஒடித்தது ரவி. படலையில் கட்டியது நான். அவர்களுக்குக் கட்டத் தெரியாது. அம்மாளின் பெயரில் பொய். முடிச்சை இறுக்கித்தான் போட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கார்த்திகை 7, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. ரீச்சருக்குச் சாந்தினி தொலைபேசியில் சொன்னாள். "ஐயோ பாவம், சுகமாகட்டும், பேப்பரெல்லாம் வட்ஸப்பிலை அனுப்பிவிடுறன்" என்றாவாம். அவ்வளவு லேசு.

வீட்டில் தாளிதம் இல்லை, மீன் இல்லை. பொய் என்றாலும் முறை முறைதான்.

பத்து மணிபோல் படலையில் ஒரு குரல். "மணி. எடி மணி."

அந்தக் குரலைப் பதின்மூன்று வருடமாக இந்த வளவுக்குள் கேட்டதில்லை. அக்கா. பரமேஸ்வரி. இரண்டு ஒழுங்கை தள்ளி, அம்மன் கோயிலடியில், தனியாக இருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை. சின்னதில் அம்மாள் போட்ட தழும்பு முகம் முழுக்க. ஒருக்கால் வந்தவளுக்குத் திரும்ப வராது என்று அந்தக் காலம் தொட்டு ஊரில் அம்மாள் வந்த வீடெல்லாம் அவள்தான் போய் இருப்பாள். கூப்பிடத் தேவையில்லை. வேப்பிலை கண்டால் போவாள்.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் வீட்டுக்கும் வருவாள் என்று யார் கண்டது?

எங்களுக்குள் என்ன என்றால், சாந்தினிக்கு முதலில் பேசிவந்த சம்பந்தம். கொழும்பில் வேலை, நல்ல பெடியன். அவன் ஆட்கள் கோயிலில் அக்காவிடம் கேட்க, சாந்தினிக்குச் செவ்வாய்க் குற்றம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள், சம்பந்தம் குழம்பிப் போனது. கேட்டால், "கேட்டவை, சொன்னனான்" என்றாள். வாசலில் ஒரு காலும் முற்றத்தில் ஒரு காலுமாக நின்று சொன்னாள். அன்றோடு சரி. செத்தவீட்டில்கூட நேரே பார்த்ததில்லை.

"உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

"என்ன வாங்கோ போங்கோ எண்டு. நான் என்ன பெரிய அதிகாரியோ? வா எண்டு சொல்லு."

"வா."

வந்தாள். கையில் இரண்டு இளநீர்.

கார்த்திகை 8, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. உடுப்புக் காயவில்லை.

அபிக்கு முகம், கை, முதுகு எல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடிப்பாய்ப் பூசியிருக்கிறேன். அறை ஜன்னல் பூட்டு. அக்காவுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து வருடங்கள். தெரியாது என்று நம்பினேன்.

அவள் அபியின் கட்டிலோடு பாயைப் போட்டுவிட்டாள். வேப்பங்கொத்தால் விசிறுகிறாள். இருமினால் முதுகைத் தடவுகிறாள். மாஸ்க் இல்லை. அம்மாளுக்கு என்ன மாஸ்க் என்கிறாள்.

சாந்தினியை அடுப்படிக்குள் இழுத்துக் கேட்டேன்: "என்னடி செய்யிறது? சொல்லுவமோ?"

"சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். பெரியம்மாக்குப் பொய் வராது எண்டு உங்களுக்குத் தெரியாதே? என்ரை கலியாணத்தை மறந்திட்டியளே?"

"ஊசியும் போடேல்லை அவள்."

நான் இரண்டும் போட்டேன். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று. அவள் அந்தப் பக்கம் போகவில்லை என்று அப்போதே கேள்விப்பட்டேன். சொல்ல ஆளில்லை. நாங்கள் கதையில்லை.

"நாளைக்கு ஏதும் சாட்டுச் சொல்லி அனுப்புவம் அம்மா."

கார்த்திகை 9, வியாழன்

அனுப்பவில்லை.

உண்மையை எழுதுகிறேன். சாந்தினிக்குப் பயந்து அல்ல. காலையில் நானும் அக்காவும் அடுப்படிப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். நாலு வார்த்தை. ஐயா காலத்துப் புகையிலைத் தோட்டம், அம்மாவின் முறுக்கு, யார் யார் செத்தது. நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு முன்னைப்போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ மாறேல்லையடி. எல்லாத்தையும் ஞாபகம் வச்சு வச்சு அவிச்சுத் தின்" என்றாள்.

இப்போது சொன்னால் எழும்பிப் போவாள். அம்மாளின் பெயரில் பொய் சொன்ன வீட்டில் தண்ணீரும் குடிக்க மாட்டாள். போனால் வரமாட்டாள். இன்னுமொரு பதின்மூன்று வருடம் எங்கள் இருவருக்கும் எங்கே இருக்கிறது?

இன்னும் ஒரு நாள் என்று நினைத்தேன். அபிக்குக் காய்ச்சல் குறைகிறதுதானே என்று நினைத்தேன்.

கார்த்திகை 12, ஞாயிறு

அபிக்குத் தண்ணீர் வார்த்தது. வெயிலில் வைத்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். அக்காதான் வார்த்தாள். பொங்கிப் படைத்தாள். அபி மீன் மணக்கிறது என்றாள், முன்வீட்டில் பொரித்தார்கள். ரவி திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான்.

பின்னேரம் அக்கா வெளிக்கிட்டாள். இரு என்றேன்.

"கோழி கிடக்கு. வாறன். இனி வருவன்தானே."

படலை வரை போனேன். இரண்டு தரம் இருமினாள். புகை என்றாள். புகை இல்லை.

கார்த்திகை 14, செவ்வாய்

அபி பள்ளிக்கூடம். அம்மாள் லேசாகப் போட்டு இறங்கிவிட்டது என்று சொன்னோம்.

யோகேஸ் வீட்டில் சிவப்பு நோட்டீஸ். அவள் மகனுக்கு. அவளே பரிசோதகரைக் கூப்பிட்டாளாம். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடந்தது அதுதான். வகுப்பு பூட்டவும் இல்லை. பக்கத்து வாங்குப் பிள்ளைகள் ஆறு பேரை மட்டும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். இவ்வளவும் அதற்குத்தான்.

கார்த்திகை 16, வியாழன்

பெருமழை. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர்.

அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி ரவிக்குப் போன் எடுத்தாள். அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல், ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். காலையில் எழும்பவில்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றியாயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தார்களாம். அதுதான்.

யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டார்களாம். "ஒருத்தர் வீட்டையும் போகேல்லை. கோயிலும் வீடும்தான்" என்றாளாம்.

சாந்தினி அதைக் கேட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தாள். நான் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

கார்த்திகை 18, சனி

ஒரு நேர்ஸ் பிள்ளை தன் போனில் எடுத்துத் தந்தது. நல்லாயிருக்கட்டும் அந்தப் பிள்ளை.

"எடி மணி. அபி பள்ளிக்கூடம் போறாளோ?"

"ஓம் அக்கா."

"படிக்கச் சொல்லு. கோழிக்கு ஆர் தீன் போடுறது?"

"நான் போறனான்."

"சேவல் கொத்தும். பாத்து."

நான் தொடங்கினேன். "அக்கா, உனக்கு ஒண்டு சொல்ல வேணும். அபிக்கு வந்தது..."

"மூச்சு வாங்குதடி. பிறகு கதைப்பம்."

வைத்துவிட்டாள்.

கார்த்திகை 22, புதன்

காலை ஏழரை. அக்கா போய்விட்டாள்.

மழை இல்லை.

கார்த்திகை 23, வியாழன்

வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. குளிப்பாட்டு இல்லை. சேலை மாற்றவில்லை. வாய்க்கரிசி இல்லை. பறை இல்லை. பந்தல் இல்லை. மயானத்து மதிலுக்கு வெளியே நானும் ரவியும். வெள்ளைப் பிளாஸ்ரிக் உடுப்புப் போட்ட நாலு பேர் பெட்டியை இறக்கினார்கள். நாலு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகளோ. மெதுவாகத்தான் இறக்கினார்கள்.

பெட்டியில் அவள்தான் என்று ஒரு கடதாசி. நான் முகம் பார்க்கவில்லை.

ரவி சொன்னான்: "மாமி, இருங்கோ, எவ்வளவு நேரமாய் நிக்கிறியள்."

எங்கே இருக்கிறது? நின்றேன்.

ஊரில் இத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு விசிறியவள். ஒரு வீட்டில் இருந்தும் ஆள் வர முடியவில்லை. வரக்கூடாது.

கார்த்திகை 24, வெள்ளி

கோழிகளை இங்கே கொண்டுவந்தாயிற்று. ஏழு. சேவல் கொத்தியது. இடது கை.

சாந்தினி சமைத்தாள். நான் சாப்பிட்டேன். அவளோடு கதைக்கவில்லை. அவளும் இல்லை. அபிக்கு மாதிரிப் பேப்பரில் நூற்றி எழுபத்தொன்று.

படலையில் வேப்பிலை காய்ந்து சருகாகக் கிடந்தது. கழற்றினேன்.

கார்த்திகை 26, ஞாயிறு

தூறல். அபிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மம்மா, நான்தானே பெரியம்மம்மாவுக்குக் குடுத்தனான்?"

இல்லை என்றேன். அது வயது போன வருத்தம், உனக்கு வந்தது அம்மாள் என்றேன். இன்னமும் பொய்.

"அவவுக்குத் தெரியும் அம்மம்மா."

"என்ன தெரியும்?"

"வந்த அண்டைக்கே. நீங்கள் அடுப்படியிலை நிண்டனீங்கள். என்ரை முதுகைக் கையாலை தடவிப் பாத்தவ. பிறகு நெஞ்சை. 'உனக்கு ஒரு கொப்புளமும் இல்லை மோனை, இது மற்றது' எண்டு சொன்னவ. நான் அழுதனான். அம்மாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ எண்டு கேட்டனான். சொல்லேல்லை எண்டவ."

"பிறகேன் போகேல்லையாம்?"

அபி எழும்பி இருந்தாள். சொல்லலாமோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"'மணிக்குச் சொல்லாதை. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் அவள் என்னைப் போகச் சொல்லிப்போடுவாள். இப்பதான் ஒருக்கால் உள்ளுக்கு விட்டிருக்கிறாள்' எண்டவ."

சீப்பைக் கீழே வைத்தேன். அபியின் தலையை மடியில் போட்டேன். உன்னால் இல்லை என்று சொன்னேன். இந்த முறை பொய் இல்லை. எத்தனை தரம் சொன்னேனோ. நித்திரையாகிவிட்டாள்.

இப்போது எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயர் சொல்லாத ரீச்சரில் இல்லை. பரிசோதகர் தன் வேலையைப் பார்த்தார். யோகேஸில்கூட இன்று இல்லை. சாந்தினி தாய், தன் பிள்ளையைப் பார்த்தாள். விடிய எழும்பி அவளோடு கதைப்பேன். என்னை அம்மாள் பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்குத்தான் அந்தக் கணக்கு.

ஆனால் ஆறு நாள் ஒரே கூரைக்குள் இருந்து, ஒரே பலகையில் தேத்தண்ணி குடித்து, எல்லாம் தெரிந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாளே. எடி, எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை. நான் காலில் விழுந்திருப்பேன். முற்றத்தில் கொட்டில் போட்டு இருத்தியிருப்பேன், தூர இருந்து கதைத்திருப்பேன், போக விட்டிருக்க மாட்டேன். நான் துரத்துவேன் என்று நினைத்தாள். என்னை அப்படி நினைத்துக்கொண்டே செத்தாள். கடைசியாகப் போனிலும் என்னைச் சொல்லவிடவில்லை. இனி யாரிடம் சொல்வது?

எல்லாரையும் மன்னித்து விடுவேன். அவளை விடமாட்டேன்.

என் அக்கா பரமேஸ்வரியை.