மாரிசெல் வீட்டுப் பிள்ளை

பிப்ரவரி 9, ஞாயிறு
இன்று லீவு. மத்தியானம் துபாய் கராமாவில், மாரிசெல் ஃபிளாட்டில் 'பால்' — வேஷம் கட்டி நடந்து ஆடும் போட்டி. கனத்த திரை, அடங்கிய பாட்டு, நம்பிக்கையான ஏழெட்டுப் பேர். கறுப்புப் பாவாடையும் ஹீல்ஸுமாக நடந்தேன். விரல்களால் முகத்துக்குச் சட்டம் வரைந்து, சுழன்று, மல்லாந்து தரையில் விழுந்தேன். மூன்று நடுவர்களும் பத்து கொடுத்தார்கள். நாள் முழுக்க ஏசி டக்டுக்குள் தவழ்ந்து வேலை பார்க்கிற ஆம்பிளை உடம்பா இது?

சலூனில் முடிவெட்டும் பிலிப்பினோ மாரிசெல்தான் எங்கள் 'ஹவுஸ் மதர்'. நியூயார்க்கில், தன்பால் ஈர்ப்பு, திருநங்கை என்று வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் வளர்த்தது இது என்றாள். பெற்றவர்கள் கதவைச் சாத்தியதால் தங்களுக்குள்ளேயே வீடும் அம்மாவும் உண்டாக்கிக்கொண்டார்களாம்.

பிப்ரவரி 11
ரூமில் கிறிஸ்துதாஸ் அண்ணன் என் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊர் குளச்சல்காரர். என்னை இங்கே கூட்டிவந்ததே அவர்தான்.

"இது என்னலே கோலம்? உனக்க அப்பன் கடக்கரயில தல நிமிந்து நடக்காண்டாமா?"

அறைந்தார். ரூமில் இருந்த மற்ற மூவரும் சிரித்தார்கள். சாப்பிடும்போது என் தட்டை மட்டும் தள்ளி வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 12
கிறிஸ்துதாஸ் அண்ணன் மறுபடி பிடித்துக்கொண்டார். "கூட ஆடினவனுவ பேரச் சொல்லு ஷிபின், ஒன்ன விட்டிருதேன். இல்லன்னா விஷயம் கம்பெனிக்குப் போவும்."

சொன்னால் எல்லோருக்கும் ஜெயில், பிறகு நாடு கடத்தல். ஒரு பேரையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13
வீடியோவை அழித்தேன். மாரிசெல்லுக்கு ஒரே செய்தி — இனி கூடாதீர்கள், என் நம்பரை எடுத்துவிடுங்கள். 'நீ என் பிள்ளை' என்று பதில் போட்டாள். அதையும் அழித்தேன்.

பிப்ரவரி 17
சூப்பர்வைசர் பன்னீர்செல்வம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கலாஸ், முடிஞ்சுது. விசா கேன்சல். போலீசுக்குப் போகாம விட்டோமேன்னு சந்தோஷப்படு."

சந்தோஷமா? யாரைக் கொன்றேன்? என்னத்தைத் திருடினேன்?

கீழே டீக்கடையில் கிறிஸ்துதாஸ் ஊர்க்காரர்களிடம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காறித் துப்பினார். அந்தாளு டைபாய்டுல கெடந்தப்ப கஞ்சி காச்சிக் குடுத்தது நாந்தானே! அப்ப இந்தக் கை நாறலியா? நாசமாப் போவட்டும்.

பிப்ரவரி 18
அம்மா போனில் அழுதாள். "ஊருக்கு வராண்டாம் மக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஜெஸ்மிக்குப் பேசின கல்யாணமும் போச்சு."

அப்பா போனை வாங்கவே இல்லை.

என்னால என் தங்கச்சி வாழ்க்கையும்… அவ முகத்துல எப்பிடி முழிப்பேன்?

பிப்ரவரி 20
டிக்கெட்டைச் சென்னைக்கு மாற்றச் சொன்னேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது — ஜெஸ்மியைத் தவிர. அவள் அங்கேதான் நர்ஸ். அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு
நான் தங்கியிருக்கும் லாட்ஜை அம்மாவிடம் கேட்டு, ஜெஸ்மியே தேடி வந்துவிட்டாள். பெரம்பூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கக் கூட்டிப்போனாள்.

"யார் யாரும்மா தங்குறீங்க?" என்றார் வீட்டுக்காரம்மா.

"நானும் எங்க அண்ணனும்."

அவர் சாவி எடுக்கப் போனதும், "ஒனக்க கல்யாணம் என்னாலதானே…" என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள வீட்டுல ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல. ஒன்னச் சேக்கப்பிடாதுன்னு சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். அம்மா அத மாத்திச் சொல்லிருக்கா." குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். "ஒனக்கு எந்த ரூம் வேணும்?"

"சின்னது போதும்."

"ரெண்டும் ஒரே அளவுதான் அண்ணே."