எப்ப எறங்குறீங்க, டீச்சர்?

நவம்பர் 5, புதன்

தனுஜா என்னை மலைக்குக் கூப்பிடுகிறாள். அவளும் நானும் மட்டும், நாலு நாள், அவளுடைய மைவி காடியில், அவளே ஓட்டி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் அல்லவா, கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

"பொறந்த எடத்த ஒரு தடவ பாக்க வேணாமாம்மா?"

பார்த்து என்ன செய்ய? நான் என்ன மறந்தா போய்விட்டேன்? குளிர், அட்டைக் கடி, எட்டு வீட்டு லயத்துக்கு ஒரே கக்கூஸ். கல்யாணம் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கினேன். இறங்கினது இறங்கினதுதான்.

இங்கே கிள்ளானில் இந்தச் சொல் யாருக்கும் விளங்குவதில்லை. எங்கள் லயத்தில் ஒருவன் தேறிவிட்டான் என்பதற்கு அதுதான் பேச்சு. காளிமுத்து மகன் எறங்கிட்டான் என்றால், கீழே அவனுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது, இனி வரமாட்டான் என்று அர்த்தம். "இன்னும் மேலதான் கெடக்குறா" என்றால் பாவம், விடியவில்லை என்று அர்த்தம். ஊர் உலகத்தில் முன்னேறுகிறவர்கள் மேலே போவார்கள். நாங்கள் கீழே வந்தோம்.

நவம்பர் 6, வியாழன்

போகச் சொல்லி தனுஜா அப்பாவும் பாடாய்ப் படுத்துகிறார். வீட்டை விட்டு நகரவே சம்மதிக்காத மனிதர்! சரி, போய்த் தொலைகிறேன்.

நவம்பர் 8, சனி. பிரிஞ்சாங்

அவள் தூங்கட்டும், நான் இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

தாப்பாவிலிருந்து மழையிலேயே ஏறினோம். வளைவுகளில் நன்றாகத்தான் ஓட்டினாள். அதை அவளிடம் சொல்லவில்லை. ரிங்லெட்டில் பசியாறினோம். பிறகு தேயிலைச் சரிவைப் பார்த்த மாதிரி ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடித் தடுப்பு, மெத்தை நாற்காலி. சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை. வந்தது என்ன? கோப்பையில் வெந்நீர், பக்கத்தில் நூல் கட்டின காகிதப் பொட்டலத்தில் தேயிலைத்தூள்! பெண் வீட்டிலேயே பெண்ணைக் காணோம் என்கிற கதை. இதை எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் அதைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது சொல்கிறாள்:

"அம்மா, எனக்கு போஸ்டிங் வந்துருச்சி. இங்கதான். நீ படிச்ச ஸ்கூலு."

"எந்தப் படுபாவி போட்டான்?"

"நான்தாம்மா கேட்டு வாங்குனேன்."

கேட்டு வாங்கினாளாம். கேட்டு! இந்த மலையிலிருந்து ஒரு பெண்ணை இறக்க என் அப்பனும் ஆத்தாளும் என்ன பாடு பட்டார்கள்? அவளைப் படிக்கவைக்க நான் தைத்த பள்ளிச் சீருடைகளை அடுக்கினால் இந்த மலை உயரம் வரும். அத்தனையும் எதற்கு? திரும்ப இங்கே ஏறுவதற்கா?

ஏன்டி என்று கேட்டேன். "நீ சொன்னதுதாம்மா. அஞ்சாம் வகுப்புல வாத்தியாரு பாதியில எறங்கிட்டாரு, அதோட கணக்கு போச்சு, படிப்பும் போச்சுன்னு சொல்லுவியே."

அது கதை! சோறு ஊட்டும்போது சொன்ன கதை! பிள்ளைக்குக் கதை சொன்னது ஒரு குத்தமா? கதையைக் கேட்டுவிட்டுத் தூங்காமல் போஸ்டிங்கா கேட்பாள் ஒருத்தி?

இன்னும் கேள். அவள் அப்பாவுக்கும் தெரியுமாம். எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சுற்றுலா.

நவம்பர் 9, ஞாயிறு

பேசவில்லை.

கியா பார்ம் நெரிசலில் காடி நகரவே இல்லை. பேசாமல் இருப்பவர்களுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஸ்ட்ரோபெரி வாங்கி நீட்டினாள். புளிப்பு. முகத்தைச் சுளித்தேன், சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அவள் குளிக்கப் போனபோது சுகுமாரனுக்குப் போன் போட்டேன். என் தம்பி அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி. மாற்றலுக்கு யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தவன். "புள்ளய எப்படியாவது கீழ எறக்கிருடா" என்றேன். "பாக்குறேன்கா" என்றான். அவன் பார்ப்பதற்குள் அவளுக்குப் பென்ஷன் வந்துவிடும். ஆனாலும் சொல்லிவைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

கம்போங் ராஜா போகிற பாதையில் உள்ளே திரும்பினால் பள்ளிக்கூடம். நான் காடியிலேயே இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். மழை விட்டபின் சும்மா இறங்கி நின்றேன்.

கட்டடம் புதிது. லயம் பழையது, இப்போது பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். பள்ளியில் பிள்ளைகள் ஒரு கைப்பிடிதான். ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு தனுஜாவை வேடிக்கை பார்த்தார்கள். கேன்டீன்காரி மணியம்மா மைலோ கொண்டுவந்தாள். என் வயதுதான் இருக்கும். தனுஜாவின் காலில் கிடந்த வெள்ளைச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சகதிக்கு ஆவாது, டீச்சர். பூட்ஸ் ஒண்ணு வாங்கிக்குங்க. சீக்கிரம் எறங்கிருவீங்கன்னா வேணாம் லா, காசு தண்டம்."

தனுஜா சிரித்தாள். மணியம்மா சிரிக்கவில்லை.

"எப்ப எறங்குறீங்க, டீச்சர்? கோவிச்சுக்காதீங்க, எல்லாரையும் கேக்குறதுதான். வர்றவங்கெல்லாம் மாத்தல் கேட்டுட்டுதானே ஏறுறாங்க. புள்ளைங்களுக்கு நாங்க சொல்லி வைக்கணும்ல, ரொம்ப ஒட்டிக்காதீங்கன்னு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிப் பொத்துக்கொண்டு வந்ததோ. "யாரு மாத்தல் கேட்டா? எம்மவ எறங்குறதுக்கு ஒண்ணும் வரல! கேட்டு வாங்கிட்டு வந்துருக்கா, தெரியுமா? நான் இந்த லயத்துல பொறந்தவ. யாருகிட்ட பேசுற?"

மணியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எறங்குனவங்கதானே?"

என்ன திமிர்! மைலோவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒட்டிக்காதீங்கன்னு சொல்லி வைப்பார்களாம். பிள்ளைகளிடம் சொல்கிற பேச்சா அது? எங்களிடம் அப்படிக்கூட யாரும் சொல்லவில்லை. வாத்தியார் திங்கட்கிழமை வருவார் என்றுதான் சொன்னார்கள். திங்கட்கிழமைதோறும் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனோம். பாவி மனுஷன்.

நவம்பர் 11, செவ்வாய்

சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினோம். பாதி வழியில், "நேத்து எனக்காகவாம்மா சண்ட போட்ட?" என்றாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

நவம்பர் 23, ஞாயிறு

அவரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறேன். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் கம்பளிச் சட்டை மலிவாகத் தொங்கியது. வாங்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வாங்கினேன், இரண்டு. பூட்ஸ் அவள் அளவில் கிடைக்கவில்லை. கிள்ளானில் சகதி இல்லை என்று கடைக்காரன் எனக்கே சொல்கிறான்! எனக்குத் தெரியாதா?

ஜனவரி 11, ஞாயிறு

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வாடகை அறையில் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. வீட்டுக்காரனைப் பிடித்து நன்றாகக் கேட்டுவிட்டேன். திரும்பும்போது வழியெல்லாம் அழுகை. "மழ வருதா, உள்ளாற நனையுதே" என்கிறார் அவர். கிண்டல்!

ஜனவரி 24, சனி

தனுஜா தினமும் ராத்திரி போன் செய்கிறாள். மூன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு, ஜீவன் என்று பெயர், அவள் பக்கத்தில் வரவே மாட்டேன் என்கிறானாம். என்ன கேட்டாலும் கதவோரம் நின்றுதான் பதில் சொல்கிறானாம். போன டீச்சரிடம் ரொம்ப ஒட்டிக்கொண்டிருந்தவனாம்.

அந்த டீச்சர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை சுகுமாரன் கூப்பிட்டான். குரலில் அத்தனை பெருமை.

"அக்கா, வேல முடிஞ்சிருச்சி. கிள்ளான்லயே எடம். புள்ள சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும், எறங்கிறலாம்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "யாரக் கேட்டு செஞ்ச?"

"நீதான்கா கேட்ட!"

"கேட்டா? கேட்டா உடனே செஞ்சிருவியா? வீட்டுல கொழா ஒழுகுது, ஆள் அனுப்புடான்னு தீபாவளிக்கு முந்தியே கேட்டேன், அனுப்புனியா? இதுல மட்டும் என்ன அவசரம் ஒனக்கு?"

"அக்கா, நல்லதுதானே..."

"என்ன நல்லது? நேத்துதான் அந்தப் பையன் அவ மேசகிட்ட வந்து பென்சில் கேட்டுருக்கான். இப்ப எறங்குனா மணியம்மா என்ன சொல்லுவா?"

"எந்த மணியம்மா?"

"வை போன!"

நானே வைத்துவிட்டேன். தனுஜாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை நான் ஏறுகிறேன். அவளுக்கு மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டதாம்.