விளக்கு வந்தது, பேர் வரவில்லை

திருவனந்தபுரம்
12 ஆகஸ்டு 1938

அன்பின் தாசம்மாளுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? மகளுக்கு இருமல் நின்றதா?

பத்திரிகையில் எனக்கு இப்போது வாசகர் கடிதங்களைச் சுருக்கும் வேலை. நலம் விசாரிப்பு, சொந்தக் கதை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, குறையை மட்டும் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கோட்டைப் பக்கத்துப் பெரியவர் வெங்கடசுப்ரமணியன் தம் சந்துக்குத் தெருவிளக்கு கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நான் நாலு வரியாக்கினேன். நகரசபை விளக்கும் போட்டுவிட்டது.

நேற்று அவர் ஆபீசுக்கே வந்தார். சண்டைக்குத்தான் என்று பயந்து மானேஜர் அறைப் பக்கம் நகர்ந்தேன். அவரோ ஒரு சீப்புப் பழத்தை மேஜையில் வைத்தார்.

"விளக்கு வந்துடுத்து, சந்தோஷம். இத்தனை நாளா வாசல்ல அரிக்கேன் மாட்டிச் சந்துக்கே வெளிச்சம் காட்டினவ என் ஆத்துக்காரி. சித்திரையில போயிட்டா. அதையும் எழுதியிருந்தேன். பேப்பர்ல அவ பேர் வரலை."

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட நான் உரிக்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தலையணை உறை ஒன்றும் வேண்டும், நீ தைத்ததாக இருக்கட்டும். உன் கார்டுகள் எல்லாம் "மற்றபடி விசேஷமில்லை" என்றே முடிகின்றன. இனிமேல் கவரில் எழுது. ஆடு குட்டி போட்டது, நீ யாரோடு சண்டை போட்டாய், எல்லாம் எழுது.

தபாலுக்கு ஆள் வந்துவிட்டான். நீ எழுதுவதில் ஒரு வரியும் வெட்ட மாட்டேன்.

உன்
ஞானசிகாமணி