அசைந்த படம்

12-1-2025, ஞாயிறு, மார்கழி 28. திண்டிவனம்.

பொங்கலுக்கு வந்திருக்கும் மகள், ஒரே செல்லை நுண்ணோக்கியில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை மாலையில் கணினியில் ஒன்றாக்கிக்கொண்டிருந்தாள். செல்லைத் தாங்கிய மேடை மெல்ல நகர்ந்ததால் எல்லாம் மங்கியிருந்தது. நகர்வை அளக்கவென்றே அருகில் ஒட்டியிருந்த தங்கத்துகள் ஒவ்வொரு படத்திலும் விலகிய அளவைக் கழித்தாள், செல்லின் கோடுகள் தெளிந்தன. உடனே, மறைந்த என் மனைவியின் முகம் கலங்கிப் பதிந்த விழுப்புரம் ஸ்டுடியோப் படத்தை எடுத்து வந்தேன்.

“இதையும் சரிபண்ணும்மா.”

“முடியாதுப்பா. என்னுது தனித்தனிப் படம். இது ஒரே படம், அசைவெல்லாம் ஒண்ணா கலந்துபோச்சு. அம்மா ஏன் அசைஞ்சாங்க?”

படமெடுக்கும் நேரத்தில், ரசீதில் தேதி பதினான்கைப் பதினைந்தென்று எழுதிய படக்காரரை நான் திருத்தினேன். அதற்குத்தான் அவள் சிரித்து அசைந்தாள் என்றேன்.

“கேமராவப் பாக்கச் சொன்னா, தேதி பாத்துக்கினு இருந்தீங்களாப்பா?”

மனைவியின் சிரிப்பு பதிந்த படம் வேறொன்று இல்லை. முடிந்தாலும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.